கீதத்துக்கு முன் ஏழு அடி

ஆகஸ்ட் 15 காலையில் நீங்கள் கோவை வ.உ.சி. மைதானத்தில் நின்றிருக்கலாம், பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்திலும் நின்றிருக்கலாம். பேண்டு இருக்கிற இடமென்றால் ஒரு சத்தம் கட்டாயம் காதில் விழுந்திருக்கும். தேசிய கீதம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சைடு டிரம் மெல்ல உருளும், பெருகும், தணியும். ஒரு கணம் சத்தமே இருக்காது. அப்புறம் கீதம்.

அந்த உருட்டலுக்கு எழுதி வைத்த விதி இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. தேசிய கீதம் பற்றி உள்துறை அமைச்சகம் வெளியிட்டிருக்கும் ஆணைகளிலேயே அது வருகிறது. பேண்டு கீதத்தை இசைக்கும்போது அதற்கு முன் டிரம் ரோல் வர வேண்டும். கீதம் வரப்போகிறது என்று கூட்டம் தெரிந்துகொள்ளத்தான் அது. ரோலின் நீளம் மெதுநடையில் ஏழு அடி எடுத்து வைக்கும் நேரம். மெல்லத் தொடங்கி, எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்க ஏறி, பிறகு படிப்படியாகப் பழைய மென்மைக்கே இறங்க வேண்டும். ஆனால் ஏழாவது அடி வரை சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு அடி மௌனம்.

என்.சி.சி. பயிற்சியில் மெதுநடை நிமிடத்துக்கு 70 அடி. அப்படியானால் ஏழு அடி என்பது ஆறே விநாடி. கீதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி. அதற்கு முன் இந்த ஆறு. பள்ளி பேண்டில் சைடு டிரம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பிள்ளையின் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்க்க இந்த ஆறு விநாடியை விட நல்ல பரீட்சை கிடையாது. மார்ச் அடியை மனப்பாடம் செய்து சமாளித்துவிடலாம். ரோலை அப்படிச் சமாளிக்க முடியாது. ஏறும்போது ஒரு கை முந்தினால் தெரியும், இறங்கும்போது குச்சி தடுமாறினால் மைக்கில் ஊருக்கே தெரியும்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் நடப்பது என்ன? ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஜூலையில் பேண்டு அறையைத் திறந்து டிரம்மைத் தூசி தட்டுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் அணிவகுப்பு. அதனால் முதல் நாளே பெல்ட்டை மாட்டிவிட்டு நேராக மார்ச் அடிக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகளும் பிடித்துக்கொள்கிறார்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஜமாப்பும் தப்பட்டையும் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அடி காதில் ஏறுவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காது கேட்டதைக் கை உடனே செய்யப் பார்க்கிறது. கை பழகாததால் தோளும் முழங்கையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு மேல் ஆடிக் காத்து வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து திறந்த மைதானத்தில் சத்தத்தை வாரிக்கொண்டு போய்விடும். தன் டிரம் தனக்கே கேட்கவில்லை என்று பிள்ளை இன்னும் ஓங்கி அடிக்கும். இரண்டாவது வாரம் "கை நோவுதுங் சார்" என்று வந்து நிற்கும்.

அந்தக் கையை வாங்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் அடியில் கொப்புளம் இருக்கும். குச்சியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தால் விரல் நகம் வெளுத்துப் போயிருக்கும். நகம் வெளுத்திருந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இறுகிய பிடியில் குச்சி துள்ளாது. குச்சி துள்ளாவிட்டால் ஒவ்வொரு அடியையும் கை தூக்கிப் போட வேண்டியிருக்கும். நோவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குச்சியை எங்கே பிடிப்பது என்பதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கும் நடுவே குச்சியைத் தளர்வாக வைத்து, டிரம் மேல் ஒரு தடவை விழ விடுங்கள். அது தானாக எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். பிடியை அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே நகர்த்தி மறுபடி விழ விடுங்கள். அதிகம் துள்ளுகிற இடம் ஒன்று கிடைக்கும். அதுதான் உங்கள் பிடி. மற்ற மூன்று விரலும் குச்சியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும், அழுத்தத் தேவையில்லை.

இடது கையை மல்லாத்திப் பிடிக்கும் பழைய பிடியா, இரண்டு கையும் ஒன்றுபோலப் பிடிக்கும் பிடியா என்று பெற்றோர் கேட்பதுண்டு. பெல்ட்டில் தொங்கும் டிரம் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த டிரம்மில் இடது கையைக் கவிழ்த்துப் பிடித்தால் விளிம்பு முழங்கையில் இடிக்கும். பழைய பிடி அதற்காக வந்தது. தோளில் மாட்டும் சட்டத்தில் டிரம் மட்டமாக நிற்கிறது என்றால் இரண்டு கையும் ஒன்றாகவே இருக்கட்டும். என் கருத்து இதுதான்: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே பிடி போதும், இரண்டு கையும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும்.

இனி வார்ம்-அப். டிரம்மைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம். மைதானத்தில் வேண்டாம், காத்து படாத தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்கூட வேண்டியதில்லை. கெட்டி அட்டையிலோ பலகையிலோ பழைய டியூப் ரப்பரை ஒட்டிக்கொண்டால் நல்ல பேடு தயார். தலையணை மேல் பழகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தலையணையில் குச்சி துள்ளாது. மணிக்கட்டுக்கு அது நல்ல உடற்பயிற்சிதான், ஆனால் துள்ளலை இன்னும் கண்டுபிடிக்காத கைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

முதலில் குச்சி இல்லாமல் கையை உதறி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்றுங்கள். தோளைக் காது வரை தூக்கித் தொப்பென்று விடுங்கள். வெடுக்கென்று இழுத்து வளைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். பிறகு குச்சியை எடுத்து, வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி. உலகம் முழுக்க மார்ச்சிங் பேண்டு டிரம்மர்கள் காலையில் முதலில் வாசிப்பது இந்த எட்டு-எட்டைத்தான். பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், "இதைப் போய் பத்து நிமிசமாங் சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அடி. இதில் பார்க்க வேண்டியவை நிறைய.

குச்சி மேலிருந்து விழுந்து, அடித்து, கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்ப வேண்டும். கை அதைத் தடுக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. எட்டு அடியும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எட்டும் ஒரே சத்தமாக இருக்கும். எட்டாவது அடி மட்டும் சத்தமாக விழுகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் விழும், "முடிந்தது" என்று கை தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால். அடுத்தது, வலதிலிருந்து இடதுக்கு மாறும் இடம். அங்கே ஒரு இழை இடைவெளி விழுந்தாலும் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் கை வாசிக்கிறது என்று சொல்ல முடியக் கூடாது. அந்த நிலை வந்த பிறகுதான் மெட்ரோனோமை 85க்கு நகர்த்தலாம்.

டிரம்மில் பழகும்போது அடியில் இருக்கும் ஸ்நேர் கம்பிகளின் லிவரைத் தளர்த்திவிடுங்கள். கம்பி சரசரவென்று அதிர்ந்துகொண்டிருக்கும் வரை இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வு காதுக்கு எட்டாது. கம்பி விலகியதும் டொக் டொக் என்று ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கும், பிழையும் அதோடு தனியாக நிற்கும்.

இனி ரூடிமென்ட். போர்க்களத்தில் சிப்பாயை எழுப்புவதற்கும், கூட்டுவதற்கும், பின்வாங்கச் சொல்வதற்கும் டிரம்தான் குரலாக இருந்த காலத்தில் ஐரோப்பியப் படைகளில் வளர்ந்த சிறு சிறு அடிக்கோவைகள் இவை. 1933இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய டிரம்மர்கள் ரூடிமென்ட் டிரம்மர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். இன்றியமையாதவை என்று 13 பாடங்களை வகுத்தார்கள், பிறகு இன்னொரு 13 சேர்ந்து 26 ஆனது. 1984இல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி அதை விரித்து 40 ஆக்கியது. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது அந்த 40 கொண்ட பட்டியல்தான்.

நாற்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பள்ளி பேண்டுக்கு நான்கு போதும் என்பது என் முடிவு: ஒற்றை அடி, இரட்டை அடி, பாராடிடில், ஃப்ளாம். ஒற்றை அடி வலது-இடது-வலது-இடது. இரட்டை அடி வலது-வலது-இடது-இடது. இரட்டையில் இரண்டாவது அடி எப்போதும் மெலிந்துபோகும். முதல் அடியின் துள்ளலில் அது ஓசியாக வருகிறது என்று விட்டுவிடக் கூடாது, விரலால் லேசாக உள்ளே இழுத்து அதற்கும் உயிர் கொடுக்க வேண்டும். பாராடிடில் கொஞ்சம் வேடிக்கையானது: வலது-இடது-வலது-வலது, பிறகு இடது-வலது-இடது-இடது. வாயால் தகதிமி தகதிமி என்று சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு 'த'வுக்கும் கை மாறிவிடும். முதல் 'த' வலது, அடுத்த 'த' இடது. மார்ச் அடியில் அழுத்தம் எந்தக் கையில் வந்து விழுந்தாலும் அந்தக் கை தயாராக இருக்க வேண்டும் என்றால், வேலையைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக் கொடுக்கும் இந்த ஒரு பாடம் போதும். ஃப்ளாமில் ஒரு குச்சி ஒரு அங்குல உயரத்தில், மற்றது ஆறு அங்குல உயரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே விட்டால் தாழ்ந்தது முந்திக்கொள்ளும். பிள்ளைகள் இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்துப் பட்டென்று அடிப்பார்கள். உயரத்தைத் திருத்தினால் சத்தம் தானாகத் திருந்திவிடும்.

மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. த தி தொம் நம் என்ற நான்கு சொல்லில் தொடங்கி அதையே மூன்று காலத்திலும் வாசிக்கச் சொல்வார் குரு. கச்சேரிக்கு வாசிக்கும் தனியாவர்த்தனத்தை முதல் மாதத்திலேயே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒன்றாம் காலத்தில் கை நின்ற பிறகுதான் இரண்டாம் காலம். மெட்ரோனோம் என்ற பெயர் தெரியாமலேயே நம் ஊர் வைத்திருக்கிற ஒழுங்கு அது. அதைப் பள்ளி பேண்டு அறைக்குள் கொண்டு வருவதில் நமக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு மரபும் ஒரு தடவை நேருக்கு நேர் சந்தித்ததும் உண்டு. பாஸ்டனில் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் என்ற ஆசிரியர் 1935இல் 'ஸ்டிக் கண்ட்ரோல்' என்ற பயிற்சிப் புத்தகத்தை வெளியிட்டார். முதல் மூன்று பக்கத்தில் 72 பயிற்சிகள். வலது, இடது என்ற இரண்டே எழுத்தை மாற்றி மாற்றிக் கோத்தவை. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் இருபது முறை வாசிக்கச் சொல்கிறார். அவரிடம் படித்தவர் ஜோ மொரெல்லோ. அந்தப் பயிற்சிகளுக்குள் தன் விருப்பம்போல அழுத்தங்களைச் சேர்த்து அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் ஸ்டோன் 1961இல் இன்னொரு புத்தகம் எழுதினார். டேவ் புரூபெக் ஜாஸ் குழுவின் டிரம்மராக மொரெல்லோ 1958இல் இந்தியா வந்தார். மெட்ராஸில் புரூபெக் குழுவோடு சேர்ந்து மிருதங்கம் வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை மரபில் வந்த மேதை, இடது கைப் பழக்கக்காரர். எல்லாரும் வலது கையில் வாசிக்கும் பக்கத்தை இடது கையில் வாசித்துக் கச்சேரி மேடைகளை ஆண்டவர். உங்கள் பிள்ளை இடது கைக்காரன் என்றால் கவலையே வேண்டாம். வலது கைக்காரன் என்றால், அந்த இடது கைக்கு ஒரு பங்கு கூடுதலாக நேரம் கொடுங்கள். இரண்டு கைக்கும் சமமாகப் பயிற்சி கொடுத்தால் இருக்கிற வித்தியாசம் அப்படியே இருக்கும். எட்டு-எட்டை இடது கைக்கு மட்டும் பதினாறாக்கிவிடுங்கள்.

நம் பக்கத்து தப்பட்டைக்காரர்களிடம் கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிக்கத் தொடங்கும் முன் தீ மூட்டி, தப்பட்டையை அதன் பக்கம் காட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். நடுவில் தட்டிப் பார்ப்பார்கள், மறுபடி காய்ச்சுவார்கள், ஒருவர் ஒரு சின்ன அடியைத் தொடங்குவார், இன்னொருவர் சேர்ந்துகொள்வார். தோல் விறைக்கும் அந்த நேரத்தில் கை இளகிவிடும். 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் படலத்தால் ஆன டிரம் ஹெட் விற்பனைக்கு வந்தது. அதன்பிறகு சைடு டிரம்முக்கு வெயிலும் வேண்டாம், தீயும் வேண்டாம், எடுத்தவுடன் அடிக்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் கருவிக்காகக் காத்திருந்த நேரம் போனபோது கைக்குக் கிடைத்த நேரமும் சேர்ந்து போய்விட்டது. அதை நாம்தான் திட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த ஏழு அடிக்கு வருவோம். பள்ளி பேண்டு ரோலில் ஒவ்வொரு கையும் ஒரு அடிக்குப் பதில் ஒரு 'பர்ர்' என்ற உரசலைக் கொடுக்கிறது; இரண்டு கையின் உரசலும் ஒட்டிக்கொண்டால் நீண்ட உருட்டல். வலது கையை மட்டும் எடுங்கள். குச்சியை விழவிட்டு, ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தி, அந்த உரசலை எவ்வளவு நீட்ட முடியும் என்று பாருங்கள். அதிகம் அழுத்தினால் நசுங்கிப்போகும், குறைத்து அழுத்தினால் தனித்தனியாக உதிரும். இடது கையிலும் அதே. இரண்டு கையும் ஒரே நீளம் கொடுக்கிற வரை சேர்க்காதீர்கள். சேர்க்கும்போது ஒரு கை முடிவதற்குள் மற்ற கை தொடங்கியிருக்க வேண்டும்.

பிறகு மெட்ரோனோமை 70இல் வைத்து, நின்ற இடத்தில் மெதுநடை போடச் சொல்லுங்கள். ஒரு அடிக்கு நான்கு கையசைவு, ஏழு அடிக்கு இருபத்தெட்டு. டிரம்மின் விளிம்போரத்தில் தொடங்குங்கள். அங்கே சத்தம் மெல்லியது, கம்பியும் நன்றாகப் பேசும். இரண்டாம், மூன்றாம் அடியில் குச்சிகள் மெல்ல நடுவை நோக்கி நகரட்டும், உயரமும் கூடட்டும். நான்காம் அடியில் உச்சம். அங்கிருந்து வந்த வழியே விளிம்புக்குத் திரும்ப வேண்டும். ஏறுவது எல்லாருக்கும் வரும். இறங்குவதுதான் வராது. ஐந்தாம் அடியிலேயே சத்தம் பாதாளத்துக்குப் போய்விடும், ஆறும் ஏழும் காலியாக இருக்கும். அதனால் இறக்கத்தைத் தனியாகப் பழகுங்கள்: உச்சத்தில் தொடங்கி நான்கே அடியில் விளிம்புக்கு. ஏழாவது அடி கேட்கிறதா என்று ஒரு பிள்ளையைத் தாழ்வாரத்தின் மறுகோடியில் நிற்க வைத்துக் கேளுங்கள். எட்டாவது அடிக்குக் கால் மட்டும் தரையில் படும், குச்சி அசையாது. அந்த ஒரு அடி மௌனத்தை டிரம்பெட் முந்திக்கொண்டு விழுங்காமல் இருக்க, முழு பேண்டையும் அந்த இடத்தில் சேர்த்துப் பழக்குங்கள்.

பேண்டு மாஸ்டர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூலையின் முதல் இரண்டு வாரம் மார்ச் அடியே வேண்டாம். பேடும் எட்டு-எட்டும் நான்கு ரூடிமென்டும் மட்டும். அடுத்த வாரத்தில் மார்ச் அடியைக் கொடுத்துப் பாருங்கள், அது வேகமாகவே வரும். பேண்டு அலமாரியில் கிடக்கும் குச்சிகளை ஒருமுறை கொட்டி, எடையும் நீளமும் பொருந்துகிற ஜோடியாகப் பிரித்து வையுங்கள். ஒரு கையில் கனமானதும் மறு கையில் லேசானதும் இருந்தால் எந்தப் பயிற்சியும் பலன் தராது. பெற்றோருக்கும் ஒன்று: பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மறுநாளும் மணிக்கட்டு நோவு இருந்தால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அனுப்பாதீர்கள். ஓய்வு கொடுங்கள், நோவு நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், பிடியைத் திருத்தச் சொல்லி மாஸ்டரிடம் நேரில் பேசுங்கள்.